வில்லையும் ஒரு பாடநூல்

(ஜமுனாமரத்தூரில் சமூக அறிவியல் ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப்போரை நடத்தும்போது ஹிட்லர், முசோலினி, பேர்ல் துறைமுகம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தப் போர் நம் பக்கமும் வந்தது. 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னை மக்கள் நகரைவிட்டு வெளியேறினர்.

அந்நாளில் விளக்குகளை மறைக்கச் சொல்லவும், அபாயச் சங்கு ஒலித்தால் மக்களைப் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பவும் ஏ.ஆர்.பி. என்ற விமானத் தாக்குதல் முன்னெச்சரிக்கை அமைப்பு இருந்தது. அதில் இருந்தவர்கள் பொதுமக்கள்; படைவீரர்கள் அல்லர். அவர்கள் அணிந்த வில்லையை இன்று ஒருவர் ‘பட்டாளத்து வில்லை’ என்று சொல்லிவிட்டால், ஒரு குடிமகனின் தொண்டு மறைந்துபோகிறது. ஆகவே சரியாக அடையாளம் காண வேண்டும்.

முதலில் சின்னத்தைப் பாருங்கள். கிரீடத்தின் வளைவுகள் உருண்டு மேலெழுந்திருந்தால், பொதுவாக 1901 முதல் 1952 வரையிலான மன்னர்கள் காலத்தது. நடுவில் தாழ்ந்திருந்தால் எலிசபெத் அரசியின் காலத்தது. அசோகச் சிங்கங்கள் இருந்தால் விடுதலைக்குப் பிந்தைய இந்திய அரசினுடையது. அடுத்து எழுத்துகள். பிரிட்டனில் 1941இல் ஏ.ஆர்.பி. என்ற பெயர் ‘சிவில் டிஃபென்ஸ்’ என மாறியது. ‘சி.டி.’ என்ற எழுத்துகள் பிற்கால உடைக்குரியவை. பிறகு உலோகம். அங்கே தொடக்கத்தில் வெள்ளியில் செய்த வில்லை, போர் முற்றியபோது மலிவான உலோகத்துக்கு மாறியது. பின்புறத்தையும் திருப்புங்கள்: ஆண்களுக்குச் சட்டைத் துளையில் மாட்டும் அமைப்பு, பெண்களுக்கு ஊசி. ஆரஞ்சு நிறத்தில் நீல முக்கோணம் இருந்தால், அது 1977ஆம் ஆண்டு ஜெனீவா கூடுதல் நெறிமுறை ஏற்ற குடிமைப் பாதுகாப்புச் சின்னம்.

விலை கிடைப்பதால் போலிகளும் உண்டு. ஒரே அடையாளத்தை நம்பாமல், இரண்டு மூன்று சான்றுகள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

ஜவ்வாது மலையில் இவை எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். ஏ.ஆர்.பி. வில்லை அரிதுதான். தலையாரியின் வில்லை, வனக்காவலரின் இடைவார், அலுவலகச் சேவகரின் டவாலி போன்றவை பெட்டிகளில் இருக்கலாம். அவற்றுக்கும் இதே கேள்விகள் பொருந்தும். பித்தளை என்று எடைக்குப் போட்டுவிட்டால் வில்லை உருகிவிடும். அணிந்தவரைப் பற்றிச் சொல்லத் தெரிந்த பிள்ளைகளுக்கும் இன்று வயதாகிவிட்டது.

ஆனால் பொருளைப் பள்ளிக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். அது அந்தக் குடும்பத்தின் சொத்து. வீட்டுக்குச் சென்று, அனுமதி பெற்று, பக்கத்தில் அளவுகோல் வைத்து இருபுறமும் படம் எடுங்கள். புளி போட்டுத் துலக்க வேண்டாம்; தேய்த்தால் எழுத்து மங்கும். பழைய காக்கியைத் துவைக்கவும் வேண்டாம். குறிப்பேட்டில் ‘நாம் கண்டது’, ‘வீட்டார் சொன்னது’ என்று இரண்டு பத்திகள் போடுங்கள். இரண்டையும் கலக்காமல் எழுதப் பழகும் மாணவர், வரலாறு எப்படி எழுதப்படுகிறது என்பதைத் தானே கண்டுகொள்வார்.

இந்தப் பருவத்தில் வகுப்புக்கு ஒரு பொருள் போதும். தொடங்குவோம்.