மதிப்பெண்ணும் மதிப்பீடும்



நல்லாசிரியர்க்கு நன்னூலார் கூறும் உவமைகள் நான்கு: நிலம், மலை, நிறைகோல், மலர். நம் கல்விமுறையோ நிறைகோல் ஒன்றையே கைக்கொண்டது.

பொதுத்தேர்வு வேண்டா என்பது என் கருத்தன்று. முகமறியாத ஒருவர் திருத்துவதால் குலமும் செல்வாக்கும் விடைத்தாளுள் புகுதல் அரிது. எளியோர் வீட்டுப் பிள்ளைக்கு அஃது ஒரு காப்பு. ஆயின் அக்கோல் நிறுப்பது யாது? மனப்பாடச் செய்யுளை அடிபிறழாது எழுதினால் முழு மதிப்பெண். அதனையே ஓசைநயம் தோன்றப் படிக்கவும், அவையில் எழுந்து தன் கருத்தை நிறுவவும் வல்ல மாணவிக்கு எழுத்துத் தேர்வில் இடமில்லை.

பள்ளிகளை அளப்பதில் பிழை இன்னும் பெரிது. பத்தாம் வகுப்பில் உயர்ந்த மதிப்பெண் பெற்றோரை மட்டுமே சேர்த்துக்கொண்டு, 'நூறு விழுக்காடு தேர்ச்சி' என விளம்பரம் செய்யும் பள்ளி, தன் வாயிற்காவலின் திறமையைத்தான் காட்டுகிறது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஈராண்டு உருவேற்றிய பள்ளிகளும் இருந்தன. அதனைத் தடுக்க 2017-18இல் தமிழக அரசு பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தது; நோய்க்கு நோயே மருந்தாயிற்று! 2025இல் அது நீக்கப்பட்டது.

எழுத்தறியாப் பெற்றோரின் பிள்ளை முப்பத்தைந்திலிருந்து அறுபதுக்கு உயர்ந்தால், அவ்வுயர்வு எந்தத் தேர்ச்சிப் பட்டியலிலும் ஏறுவதில்லை. சேர்ந்தபோது பெற்றிருந்த மதிப்பெண்ணையும் முடிக்கும்போது பெற்ற மதிப்பெண்ணையும் ஒவ்வொரு பள்ளியும் அருகருகே வெளியிடட்டும் எனக் கேட்கிறேன்.