கடைத்தெருவுக்குத் தனி வரி: ஓட்டு யாருக்கு, சுமை யாருக்கு?

(மணியாச்சியில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் பேசியது)



இன்று கடைக்காரர்களைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதுமே முன்வரிசையிலிருந்து ஒரு தோழர் கேட்டுவிட்டார்: "கடைக்காரன் பாட்டை நாம் ஏன் பாட வேண்டும்? எடையில் குறைக்கிறவன், விலையில் கூட்டுகிறவன்தானே அவன்?"

நியாயமான கேள்வி. அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஆலையில் கதவடைப்பு என்றால் சம்பளம் நிற்கும், வயிறு நிற்குமா? அந்த நாட்களில் சிட்டையில் எழுதிக்கொண்டு அரிசியும் பருப்பும் கொடுத்தவர் யார்? மழை பொய்த்து, கரிசலில் உளுந்தும் பாசியும் கருகி, களையெடுப்புக் கூலியும் இல்லாமல் போனபோது, "அடுத்த மாசம் பார்த்துக்கலாம், கொண்டு போ தாயி" என்று சொன்னது எந்தக் கடை? தெருமுனை அண்ணாச்சி கடைதான். குளிர்சாதனம் போட்ட பெரிய கடையில் சிட்டை கிடையாது. அங்கே முகம் பார்த்துக் கடன் கொடுக்கிறவரும் கிடையாது. அந்தச் சிறு கடை போனால் நம் கூலியின் கையிருப்பும் அதோடு போய்விடும். ஆகவே இது நம் விஷயம்.

வெளிநாடுகளில் 'வணிக மேம்பாட்டு வட்டாரம்' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. நகரத்தில் நாலு தெருவை எல்லை கட்டுகிறார்கள். அந்த எல்லைக்குள் இருக்கிற கட்டடங்களுக்கும் கடைகளுக்கும் வழக்கமான வரிக்கு மேல் இன்னொரு வரி. நகராட்சி அதை வசூலிக்கும். செலவு செய்வது தனியாக ஒரு வாரியம். காவலாள், துப்புரவு, விளக்கு, பெஞ்சு, பூந்தொட்டி, விளம்பரம் எல்லாம் அந்த வாரியத்தின் கையில். நம் பக்கத்தில் இந்தப் பெயர் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. ஆனால் பெயர் வராமலே சரக்கு வந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் முன்கூட்டியே பேசுகிறோம்.

இது எங்கே பிறந்தது? கனடா தேசத்து டொரன்டோ நகரத்தில், 1970ல். ப்ளூர் வெஸ்ட் வில்லேஜ் என்ற கடைத்தெருவுக்கு அடியில் சுரங்க ரயில் வந்தது. மேலே டிராமில் போய்க்கொண்டிருந்த ஜனங்கள் பூமிக்கு அடியில் போக ஆரம்பித்தார்கள். புறநகரில் பெரிய வணிக வளாகங்கள் வேறு. தெருவில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த சிறு வியாபாரிகள் கூடிப் பேசி, "எல்லோரும் ஒரு தொகை போட்டுத் தெருவைச் சரி செய்வோம்" என்றார்கள். சிலர் கொடுத்தார்கள், சிலர் கொடுக்காமலே பலனை அனுபவித்தார்கள். ஆகவே, எல்லோரிடமும் கட்டாயமாக வசூலித்துக் கொடுங்கள் என்று நகர சபையைக் கேட்டார்கள். நம் அபிப்பிராயத்தைக் கேட்டால், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெரிய முதலைக்கு எதிராகச் சின்ன மீன்கள் சேர்ந்து நின்ற காரியம் அது.

நமக்கும் இது புதிதல்ல. விருதுநகரிலும் சிவகாசியிலும் 'மகமை' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நடந்த வியாபாரத்துக்கு ஏற்ப ஒரு சிறு தொகையைப் பொதுவுக்கு எடுத்து வைப்பது. விருதுநகரில் காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்தியாசாலை, வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து வளர்ந்த பள்ளிக்கூடம். நல்ல காரியம். ஆனால் மகமையின் உறவின்முறைக்குச் சாதி எல்லை இருந்தது. மூட்டை சுமந்தவனுக்கு அந்தச் சபையில் நாற்காலி இல்லை. பொதுப்பணம் என்றால் அந்தப் 'பொது'வில் யார் சேர்த்தி, யார் சேர்த்தி இல்லை என்று கேட்காமல் விடக்கூடாது.

டொரன்டோவில் பிறந்த பிள்ளை நியூயார்க்குக்குப் போனதும் வேறு முகம் காட்டிற்று. அங்கே வாரியத்தில் பெரும்பான்மை கட்டடச் சொந்தக்காரர்களுக்குத்தான். வாடகைக்குக் கடை வைத்திருப்பவர்களுக்கும் குடியிருப்பவர்களுக்கும் பேருக்குச் சில இடங்கள். கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள வட்டாரத்தில் இதை எதிர்த்து வழக்கே நடந்தது. "ஆளுக்கு ஓர் ஓட்டு என்ற ஜனநாயக விதி இங்கே ஏன் இல்லை?" என்று கேட்டார்கள். 1998ல் அப்பீல் கோர்ட்டு பெரும்பான்மைத் தீர்ப்பாகச் சொன்னது என்ன? இந்த வாரியம் சாதாரண அரசாங்கம் அல்ல, குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டும் ஏற்பட்டது, ஆகவே அந்த விதி இதற்குப் பொருந்தாது என்று தள்ளிவிட்டது!

தெருவில் காவல், தெருவில் குப்பை, தெருவில் விளக்கு. இவை அரசாங்கத்தின் வேலை இல்லையென்றால் வேறு எதுதான் அரசாங்கத்தின் வேலை?

அதே வட்டாரத்தில் நடந்த இன்னொரு சங்கதியைத் துப்புரவுத் தொழிலாளத் தோழர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். வீடில்லாத ஏழைகளைப் பிடித்து, "வேலை கற்றுத் தருகிறோம்" என்று சொல்லி, கூட்டவும் காவல் காக்கவும் வைத்தார்கள். கொடுத்த கூலி மணிக்கு 1 டாலர், 1.50 டாலர். சட்டப்படி குறைந்தபட்சக் கூலி அப்போது 4 டாலருக்கு மேல்! நாற்பது பேர் கோர்ட்டுக்குப் போனார்கள். 1998 மார்ச்சில் நீதிபதி சோனியா சோட்டோமேயர், இது பயிற்சி அல்ல, வேலைதான். கூலி கொடுத்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தார். பயிற்சி என்ற பெயரில் வருஷக்கணக்காக அரைக் கூலி வாங்கிய நம் ஆலைப் பெண்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் 2004 முதல் நடக்கிற முறை இதைவிடக் கொஞ்சம் தேவலை. அங்கே வரி கட்டுகிற கடைக்காரர்களே ஓட்டுப் போடுகிறார்கள். தலை எண்ணிக்கையிலும் பெரும்பான்மை வேண்டும், சொத்து மதிப்பிலும் பெரும்பான்மை வேண்டும். ஐந்து வருஷத்துக்கு மேல் நீடிக்க மறுபடியும் ஓட்டு. ஆனால் பல ஊர்களில் சிறு கடைகளுக்கு வரி வேண்டாம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கேட்க இனிப்பாக இருக்கும். வரி இல்லையென்றால் ஓட்டும் இல்லை! தெரு மாறும், வாடகை ஏறும். அதில் மட்டும் ஒதுக்கீடு கிடையாது.

சரி, சிறு கடைக்கு இதனால் என்ன ஆகும்? வரியைவிட வாடகைதான் பெரிய அடி. கட்டடச் சொந்தக்காரர் மேல் வரி விழுந்தால் அவர் அதைச் சும்மா சுமப்பாரா? வாடகைச் சீட்டில் ஏற்றிவிடுவார். தெரு பளபளப்பானதும், "இப்போது மதிப்பு கூடிவிட்டது" என்று அட்வான்ஸையும் உயர்த்துவார். நாற்பது ஊரில் கிளை வைத்திருக்கிற கடை ஒரு கிளையில் இரண்டு வருஷம் நஷ்டம் தாங்கும். ஒரே கடையை நம்பியிருப்பவர் இரண்டு மாதம் தாங்க மாட்டார். நம் ஒட்டப்பிடாரத்து வ.உ.சி. 1906ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தபோது வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தது என்பார்கள். பணமூட்டை உள்ளவனின் அந்த உத்தி இன்றைக்கும் பழசாகவில்லை.

பிறகு வாரியத்தின் ரசனை வரும். பெயர்ப்பலகை ஒரே அளவில் இருக்க வேண்டும், வாசலில் சாக்கு விரிக்கக் கூடாது, பந்தல் கூடாது, தட்டுவண்டி கூடாது. வெள்ளரியும் மிளகாயும் கூறு கட்டி விற்கிற ஆச்சி எங்கே போவார்?

சென்னை தியாகராய நகர் பாண்டி பஜாரைப் பாருங்கள். நடைபாதை வியாபாரிகளை 2013ல் மாடிக் கட்டடத்துக்கு ஏற்றினார்கள். இரண்டு ரூபாய் பேரம் பேசுகிற ஜனங்கள் மாடியேறி வருவார்களா? வியாபாரம் படுத்துவிட்டது என்று அவர்கள் முறையிட்டார்கள். 2019 நவம்பரில் அதே வீதியில் அகலமான நடைவளாகம் திறந்தார்கள். நடக்க வசதிதான், மறுக்கவில்லை. யார் நடக்க, யார் பிழைக்க என்பதுதான் கேள்வி.

நகராட்சிக் கடைகளின் சங்கதி என்ன? மூன்று வருஷத்துக்கு ஒருமுறை 15 சதவீத உயர்வு, ஒன்பது வருஷம் முடிந்தால் சந்தை மதிப்பில் புதிய வாடகை என்று சர்க்கார் விதி வந்தது. உதகை நகராட்சிச் சந்தையில் அப்படி ஏறிய வாடகையைக் கட்ட முடியாமல் பாக்கி விழுந்து, 2021 ஆகஸ்டில் நூற்றுக்கணக்கான கடைகளுக்கு முத்திரை வைத்தார்கள்.

நம் ஜில்லாவுக்கு வருவோம். மத்திய சர்க்கார் 2015ல் ஆரம்பித்த ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் 2017ல் சேர்ந்தன. 2025 மார்ச்சில் அது முடிந்தது. அந்தத் திட்டத்தை நடத்தியது நீங்கள் ஓட்டுப் போட்ட மாநகராட்சி மன்றமா? இல்லை. கம்பெனிச் சட்டப்படி பதிவான தனிக் கம்பெனி! பாளையங்கோட்டை காந்தி மார்க்கெட்டை இடித்துக் கட்டும் வேலையும் அதில் சேர்ந்தது. வியாபாரிகள் எதிர்த்து நின்றார்கள். பெயர் வராமலே சரக்கு வந்துவிட்டது என்று முதலில் சொன்னோமே, அது இதைத்தான். வாரியமோ கம்பெனியோ, நகரசபையின் கையிலிருந்து கடைத்தெரு நழுவுகிறது.

"அப்படியானால் சந்தை சேறும் சகதியுமாகவே கிடக்கட்டுமா?" என்று கேட்பார்கள். வேண்டாம். பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும், குடிதண்ணீர் வேண்டும், கூரை வேண்டும், விளக்கு வேண்டும். அதை நகராட்சி நாம் கட்டுகிற வரியிலிருந்து செய்யட்டும். நாம் ஓட்டுப் போட்ட உறுப்பினர் பதில் சொல்லட்டும்.

கோவில்பட்டிக்கோ தூத்துக்குடிக்கோ இப்படி ஒரு யோசனை வந்தால், அதைக் கொண்டு வருகிறவரிடம் சில கேள்விகளை நேராகக் கேளுங்கள். வாடகைக் கடைக்காரருக்கு ஓட்டு உண்டா? வரியை வாடகையில் ஏற்றக் கூடாது என்று எழுதித் தருவார்களா? துப்புரவுக்கும் காவலுக்கும் வருகிறவர் நகராட்சித் தொழிலாளியா, ஒப்பந்தக் கூலியா? இடித்துக் கட்டினால் பழைய கடைக்காரருக்குப் பழைய இடத்தில் கடை உண்டா, அதற்குள் எத்தனை மாதம், எங்கே பிழைப்பது? எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

தலைச்சுமையாகக் காய்கறி கொண்டுபோகிற நம் பெண்களுக்கு ஒரு வார்த்தை. 2014ல் தெரு வியாபாரிகள் சட்டம் வந்திருக்கிறது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை தெரு வியாபாரியை அப்புறப்படுத்தக் கூடாது. பிறகு மாற்றுவதானாலும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நகர வியாபாரக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள்; அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் தெரு வியாபாரம் நடக்கிற சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவித்து, அங்கிருந்து வியாபாரிகளை மாற்றாமலிருக்கவும் அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. சட்டம் காகிதத்தில் இருக்கிறது. உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா? கூட்டம் முடிந்ததும் பெயர், எந்த ஊர், எந்தச் சந்தை, எத்தனை வருஷமாக விற்கிறீர்கள் என்று இந்த மேஜையில் எழுதிக்கொள்கிறோம். தரை வாடகை கட்டிய பழைய சீட்டு வீட்டில் கிடந்தால் எறிந்துவிடாமல் அடுத்த வாரம் கொண்டு வாருங்கள்.