ஹூட் இருந்தும் புகை போகவில்லையே, ஏன்?

(நமது அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் தொடங்கியது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் நம் வீடுகள் பலவற்றில் ஒருவராவது வெல்டிங், பிளேட்டிங், பஃபிங் வேலைக்குப் போகிறார். அவர் மூச்சோடு என்ன உள்ளே போகிறது என்பதே இன்றைய பேச்சு.

வெல்டிங் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் முடிவு செய்தது. குரோம் பிளேட்டிங் தொட்டியிலிருந்து எழும் அமிலத் தூவல் மூக்கின் நடுச்சுவரையே ஓட்டையாக்கும்.

"எங்கள் பட்டறையில் எக்ஸாஸ்ட் ஹூட் இருக்கிறதே" என்பீர்கள். அது புகையைப் பிடிக்கிறதா என்று பார்த்தீர்களா?

ஊதுவது வேறு, உறிஞ்சுவது வேறு. ஃபேன் ஊதும் காற்று வெகுதூரம் போகும். உறிஞ்சும் குழாயோ கிட்டத்தில் இருப்பதைத்தான் இழுக்கும். 20 சென்டிமீட்டர் அகலக் குழாயின் வாயிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளினாலே வேகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். வெல்டிங் புகையைப் பிடிக்க, அது எழும் இடத்தில் நொடிக்கு அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை இழுப்பு வேண்டும். வெக்கைக்காக வைக்கும் பெடஸ்டல் ஃபேன் காற்று நொடிக்கு 2, 3 மீட்டர் வேகத்தில் குறுக்கே வந்தால் எது ஜெயிக்கும்? புகை ஹூடுக்குப் போகாமல் அடுத்த மேசையில் இருக்கும் தம்பியின் முகத்துக்குப் போகும். மதியத்துக்கு மேல் திறந்த ஷட்டர் வழியே வரும் கடல்காற்றும் இதையே செய்யும். ஃபேனை முதுகுக்குப் பின்னால் வைத்தாலும், நெஞ்சுக்கு முன்னே காற்று சுழன்று புகையை முகத்துக்கே கொண்டுவரும்.

சோதிக்க ஓர் ஊதுபத்தி போதும். வழக்கம்போல ஃபேன் ஓடட்டும், ஷட்டர் திறந்திருக்கட்டும். வெல்டிங் செய்யும் இடத்தில் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை நேராக ஹூடுக்குள் போகவேண்டும். தின்னர், பெயிண்ட் இருக்கும் இடத்திலும் பிளேட்டிங் தொட்டி அருகிலும் மட்டும் கொளுத்தாதீர்கள்.

புகை வளைந்து போனால், முதலில் ஃபேனைத் திருப்புங்கள். ஹூடை வேலைக்கு நெருக்கமாகக் கொண்டுவாருங்கள். காற்று வரும் பக்கம் தகரத் தடுப்போ வெல்டிங் திரையோ வையுங்கள். பெரிய மோட்டார் வாங்குவதைவிட இது மலிவு. பட்டறை வைத்திருக்கும் நம் சகோதரர்கள் இதைக் கவனிக்கவேண்டும். உறிஞ்சும் சாதனம் புகை எழும் இடத்துக்கு முடிந்தவரை அருகில் இருக்கவேண்டும், அந்த இடத்தை முடிந்தவரை மூடவேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே 14-ஆம் பிரிவில் சொன்னது.

தாய்மார்களே, இன்றிரவு பிள்ளை வேலை முடிந்து வந்ததும் கேளுங்கள்: "வாப்பா, உன் பக்கத்து ஃபேன் எந்தப் பக்கம் பார்த்து ஓடுகிறது?"

வஸ்ஸலாம்.