மனிதனின் உயரத்தை எதைக் கொண்டு அளப்பது?

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

மனிதர்களில் பெரியவர் யார்? இவ்வினாவை நாம் நாவால் கேட்பதில்லை. ஆயினும், அதற்கு நாள்தோறும் விடை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். நிக்காஹ் மஜ்லிஸில் எவரை முன்வரிசைக்கு அழைக்கிறோம், எவர் வந்ததைக் கவனியாது விடுகிறோம் என்பதிலேயே நம் அளவுகோல் வெளிப்பட்டுவிடுகிறது.

இவ்வளவுகோலைப் பற்றி இம்மண்ணில் மிகப் பழங்காலத்திலேயே சிந்தித்திருக்கிறார்கள். நம் சிவகங்கை மாவட்டத்து மகிபாலன்பட்டியே சங்க காலத்துப் பூங்குன்றம் என்பர். அவ்வூர்ப் புலவர் கணியன் பூங்குன்றனார் பாடியது புறநானூற்றின் 192ஆம் பாடல். செல்வாக்குடையவர் முன் மயங்காமலும் எளியவரை ஏளனம் செய்யாமலும் மனிதரை நோக்கும் பார்வையை அப்பாடலில் காண்கிறோம்.

அப்பார்வையோடு நம் ஊரின் அண்மை வரலாற்றை நோக்குவோம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 1909ஆம் ஆண்டு கோட்டையூரில் பிறந்தவர். இலண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றவர்; விமானம் ஓட்டக் கற்றவர்; ஆலைத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டியவர். இவை யாவும் இருந்தும், அவர் பெயர் இன்று நிலைத்திருப்பது இவற்றால் அன்று. 1947ஆம் ஆண்டில் அவர் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். நாடெங்கும் தேசிய ஆய்வுக்கூடங்கள் அமைக்கப்பட்ட அக்காலத்தில், 300 ஏக்கர் நிலத்தையும் 15 இலட்சம் ரூபாயையும் வழங்கி, மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இச்சிற்றூருக்கு வர வழிசெய்தார். 1948 ஜூலை 25 அன்று பிரதமர் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார். ஐம்பது வயதை எட்டுமுன்பே, 1957இல் வள்ளல் மறைந்தார். அவர் இட்ட வித்திலிருந்தே 1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் எழுந்தது.

இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கடல் கடந்து ஈட்டிய பொருளில் ஒரு பங்கைக் கோயிலுக்கும் சத்திரத்துக்கும் வழங்குவது நகரத்தார் சமூகத்தின் தொன்மையான வழக்கம். அழகப்பர் அவ்வழக்கத்தைத் துறக்கவில்லை. அதன் எல்லையை விரித்தார். தம் குடும்பமும் குலமும் தமக்குத் தந்த நற்பண்பை, தமக்கு முன்பின் அறிமுகமில்லாத பிள்ளைகளுக்கும் உரியதாக்கினார். தம் அடையாளத்தை மறைத்து அவர் பெரியவராகவில்லை. அதனை வேலியாக்கிக்கொண்டும் பெரியவராகவில்லை. அடையாளத்தையே பிறருக்குத் திறந்த வாசலாக்கினார்.

மனிதர் பல சமூகத்தாராகவும் கோத்திரத்தாராகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்று திருமறையின் ஹுஜுராத் அத்தியாயம் நமக்கு உணர்த்துகிறது. ஆகவே, பக்கத்துத் தெருவாரின் வரலாற்றை அறிவதும் நமக்குரிய கடமையே. மின்வேதியியல் நிறுவனத்தின் வாயிலைக் கடந்து எத்தனையோ முறை பேருந்தில் சென்றிருக்கிறோம். இரும்பு துருப்பிடிப்பதைத் தடுக்கவும், மின்கலங்களை மேம்படுத்தவும் அங்கே ஆய்வு நடக்கிறது என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? தான் வாழும் ஊரை அறியாதவன், அந்த ஊரில் தனக்குள்ள இடத்தையும் அறியமாட்டான்.

பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும் இளைஞனை நினைத்துப் பாருங்கள். அயல்நாட்டு உழைப்பை நாம் இழிவாகக் கூறவில்லை. நம் வீடுகளில் பல அவ்வுழைப்பால் எழுந்தவையே. ஆனால், கல்லூரி கூப்பிடு தூரத்தில் இருக்க, கட்டணத்துக்கு வழியின்றியோ, வழிகாட்ட ஆளின்றியோ ஒருவன் புறப்படுவானாயின், அது அவன் விருப்பம் ஆகாது. மதிப்பெண் பெற்றும் வீட்டோடு நிற்கும் மகளின் நிலையும் இத்தகையதே. அவர்களுள் மறைந்திருக்கும் ஆற்றல் என்னவென்று அவர்களும் அறியமாட்டார்கள், நாமும் அறியமாட்டோம்.

நம்மிடம் வக்ஃபு என்னும் சிறந்த மரபு இருக்கிறது. முன்னோர் விட்டுச்சென்ற அம்மரபின் எல்லையை விரிப்பது நம் தலைமுறையின் பணி. இன்று வாசிக்கப்பட்ட ஆண்டறிக்கையில் வரவும் செலவும் செம்மையாகக் காட்டப்பட்டுள்ளன. அடுத்த ஆண்டறிக்கையில் இன்னும் ஒரு பக்கம் இடம்பெறட்டும். நம் மஹல்லாவில் இவ்வாண்டு படிப்பை நிறுத்தியோர் எத்தனை பேர், அவர்களுள் மீண்டும் கல்லூரியில் சேர்க்கப்பட்டோர் எத்தனை பேர் என்னும் கணக்கு அதில் இருக்கட்டும். பெயர்கள் வேண்டா, எண்ணிக்கை போதும். தெருவுக்கு இருவர் பொறுப்பேற்றால் ஒரு மாதத்தில் இக்கணக்கை எடுத்துவிடலாம்.

தன் தோளில் ஏறி நின்றவர் எத்தனை பேர் என்பதே ஒரு மனிதனின் உயரம். ஒரு ஜமாஅத்தின் உயரமும் அதுவே. அந்த உயரத்தை எய்தும் நல்லெண்ணத்தையும் ஆற்றலையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.