வேலையும் அமானிதம், தொண்டும் அமானிதம்
(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் நாம் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

ஞாயிறு வகுப்பு, கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களை நிரப்பித் தருதல், இரத்த தான முகாம், ஜனாஸா நேரத்து உதவி என இளைஞர் அணியின் பணிகள் ஆண்டறிக்கையில் நிறைந்துள்ளன. அல்ஹம்துலில்லாஹ்! ஆயினும், அறிக்கையில் இடம்பெறாத ஒன்றைக் குறித்தே இன்று பேச விழைகிறோம்.

சென்ற இரத்த தான முகாமில் மருத்துவர் ஓர் இளைஞரைத் திருப்பி அனுப்பினார். இரவுப் பணி முடித்துப் போதிய உறக்கமின்றி வருவோரிடம் இரத்தம் பெறலாகாது என்பது நம் நாட்டின் விதிமுறை. அத்தம்பி கால் சென்டரில் வாடிக்கையாளர் சேவைப் பணியாற்றுபவர். விடியற்காலையில் வீடு திரும்பிப் படுத்தவரை, 8 மணிக்குத் தொலைபேசியில் அழைத்து வரச் சொன்னவர் யார்? நாமேதான். சிறுவயதில் நம்மிடம் குர்ஆன் ஓதக் கற்றவராதலால், 'இயலாது ஹஸ்ரத்' என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. பின்னர் விசாரித்தபோதுதான், பணியில் கவனம் குறைந்ததற்காக அலுவலகத்தில் எச்சரிக்கைக் கடிதம் பெற்றிருந்ததையும் அறிந்தோம். "விடுமுறை நாளிலாவது எங்களோடு அமர்ந்து ஒரு வேளை உண்ணக்கூடாதா?" என்று அவருடைய தாயார் கேட்டபோது, நம்மிடம் பதில் இல்லை.

அப்பணியின் தன்மையைப் பெரியோர்கள் அறிந்திட வேண்டும். நியூயார்க்கில் காலை 9 மணி எனில், இங்கு கோடையில் மாலை 6.30; குளிர்காலத்தில் இரவு 7.30. எனவே ஆண்டிற்கு இருமுறை பணிநேரமே மாறிவிடுகிறது. வார விடுமுறையும் எல்லோருக்கும் ஞாயிறன்று அமைவதில்லை. முகமறியாதவரின் கோபத்தை இரவெல்லாம் செவியில் ஏற்று, குரல் உயர்த்தாமல் விடை சொல்வது எளிதான உழைப்பன்று.

மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் ஸல்மான் (ரலி) அவர்களையும் அபுத்தர்தா (ரலி) அவர்களையும் சகோதரர்களாக இணைத்தார்கள். அபுத்தர்தா (ரலி) பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருக்கக் கண்ட ஸல்மான் (ரலி), அவரை உண்ணச் செய்தார்கள், உறங்கச் செய்தார்கள், இரவின் கடைசிப் பகுதியில் எழுப்பி இருவரும் சேர்ந்து தொழுதார்கள். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்தாருக்கும் உரிய கடமைகளை அவரவர்க்கு வழங்கிட வேண்டும் என்று அறிவுறுத்தினார்கள். ஸல்மான் சொன்னது உண்மையே என நபி (ஸல்) அவர்களும் ஏற்றார்கள். வணக்கத்திற்கே இந்த அளவு எனில், தொண்டிற்கு அளவு வேண்டாமா?

ஆகவே நிர்வாகிகளிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். மாதம் பிறக்குமுன் ஒவ்வொருவரின் பணிநேரத்தையும் விடுமுறை நாளையும் கேட்டறிந்து, அதன்பின் பொறுப்புகளைப் பகிருங்கள். இரவுப் பணி பார்த்தவரை மறுநாள் லுஹருக்கு முன் அழைக்காதீர்கள். ஞாயிறு காலைப் பொறுப்புகளில் பணி ஓய்வு பெற்ற பெரியவர்களும் பங்கேற்கட்டும். விண்ணப்பம் நிரப்பும் வேலை வாரநாள் மாலையிலும் நடைபெறலாம்.

இளவல்களே! உங்களுக்கும் ஒரு சொல். ஜமாஅத் வேலைக்காக அலுவலகத்தில் 'உடல்நலமில்லை' எனப் பொய்யுரைத்து விடுப்பு எடுக்காதீர்கள். ஊதியம் பெறும் நேரம் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஒப்புக்கொண்ட தொண்டும் அவ்வாறே. நான்கு வாரமும் வருகிறேன் எனக் கூறி இரண்டு வாரம் வராதிருப்பதைவிட, மாதம் ஒருமுறை தவறாது வருவது மேல். இயலாதபோது முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நம்மிடமும் தயங்காமல் சொல்லுங்கள். அதனால் உங்கள் மரியாதை குறையாது, நமக்கும் வருத்தம் இராது.

அத்தம்பி இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும், அஸருக்குப் பின் வகுப்பெடுக்கிறார். நன்கு உறங்கி, மலர்ந்த முகத்தோடு வருகிறார். பிள்ளைகள் அந்நாளை எதிர்நோக்கிக் காத்திருக்கின்றனர்.

நம் இளைஞர்களின் உழைப்பிலும் உடல்நலத்திலும் நேரத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.