கல் தூள் கலந்தால் போதுமா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "எல்லா பிளாஸ்டிக்கையும் ஒன்றாக உருக்கி, கல் தூள் கலந்து டைல்ஸ் செய்கிறார்களாமே. அப்புறம் நாம் எதற்குத் தரம் பிரிக்க வேண்டும்?" நியாயமான கேள்விதான். பிளாஸ்டிக் பட்டறையில் சில வருடம் வேலை பார்த்தவன் என்பதால் என்னைப் பதில் சொல்லச் சொன்னார்கள்.

என் ஊர் செஞ்சிப் பக்கம் சீயமங்கலம். மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து கோயில் எடுத்த ஊர். கல்லோடு பிறந்து வளர்ந்தவன் நான். ஆனால் பிளாஸ்டிக்குக்குள்ளும் கல் போகும் என்பதைப் பட்டறையில்தான் பார்த்தேன்.

சுண்ணாம்புக்கல் தூள், முகப் பவுடரில் போடும் டால்க், இந்த இரண்டும்தான் அதிகம் கலப்பார்கள். கலந்தால் பிளாஸ்டிக் விறைப்பாகும். சூட்டில் தொய்யாது. அச்சில் ஆறும்போது சுருங்குவதும் குறையும். அளவு மீறினால் மட்டும் சட்டென்று உடையும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பால் கவர் பாலித்தீன். ஓட்டல் பார்சல் டப்பா பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும், உருக்கினால் எண்ணெயும் தண்ணீரும் போலத்தான். இரண்டும் சேரும் இடத்திலேயே விரிசல் விடும். கல் தூள் விறைப்பைத் தரும், ஒட்டவைக்காது. ஒட்டவைக்கத் தனி ரசாயனம் வேண்டும், அதற்குச் செலவு அதிகம்.

தண்ணீர் பாட்டில் உருக சுமார் 250 டிகிரி வேண்டும். பால் கவருக்கு அதில் பாதியே போதும். பிவிசி பைப் துண்டு ஒன்று கலந்துவிட்டால், அந்தச் சூட்டில் அமிலப் புகை கிளம்பும். இயந்திரம் அரிக்கும், நிற்கிற தொழிலாளிக்கு மூச்சு முட்டும். ஈரம் இருந்தால் ஆவியாகி, பொருள் முழுக்க ஓட்டை விழும்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவனை அறிந்திருப்பீர்கள். சூடான ஜல்லி மேல் நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவி, அது படலமாக ஒட்டியதும் தார் கலந்து, 2002-இல் கல்லூரி வளாகத்தில் சாலை போட்டவர். பிறகு கல்லும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த 'பிளாஸ்டோன்' கட்டியும் செய்தார். 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். அழுக்கையும் கலப்பையும் நன்றாகத் தாங்கும் முறை அவருடையது. அதிலேயே பிவிசிக்கு இடமில்லை. பிளாஸ்டிக் சுத்தமாக, உலர்ந்து இருக்க வேண்டும்.

ஆகவே கேள்விக்கு என் பதில்: கல் தூள் நல்ல பிளாஸ்டிக்கை மேலும் நல்லதாக்கும். நம் அலட்சியத்தை அது சரிசெய்யாது.

வீட்டில் செய்ய வேண்டியது ஐந்துதான். பால் கவரை அலசி உலர்த்துங்கள். மூலையை வெட்டும்போது துண்டு கவரிலேயே தொங்கட்டும், தனியே விழுந்தால் யார் கைக்கும் வராது. தண்ணீர் பாட்டிலைத் தனியாக வையுங்கள். பைப், ரெக்ஸின், ஒயர் உறையை இவற்றோடு சேர்க்காதீர்கள். உள்ளே அலுமினியம் பூசிய சிப்ஸ் பாக்கெட்டுக்குத் தனிப் பை.

நாம் கலந்து கொடுப்பதை, கீழே நம் தூய்மைப் பணியாளர் அக்காதான் வெறுங்கையால் பிரிக்கிறார். அவருக்காகவாவது செய்வோம்.