வரலாற்றை வலம் வருதல்

(கரியமாணிக்கத்தில் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்துவடிவம்)



பழங்காலத்தில் ஒரு நிலத்தை அறக்கொடையாக அளிக்கும்போது, அந்நாட்டார் ஒன்றுகூடி அதன் எல்லையை வலம் வருவர், வந்த வழியில் கல் நடுவர், கள்ளி நடுவர், அதன் பின்னரே கொடை எழுத்தில் ஏறும். பல்லவர் செப்பேடுகளும் சோழர் செப்பேடுகளும் இதற்குச் சான்று. காலால் நடந்து அறிந்த நிலத்துக்கே கையெழுத்து என்பது அவர்தம் நெறி. நிலத்துக்கு வகுத்த அந்நெறி வரலாற்றுக்கும் பொருந்தும். நடந்து காணாத வரலாறு, பிறன் எழுதித் தந்த வரலாறாகவே நின்றுவிடும்.

கரியமாணிக்கத்து மாணவன் ஒருவன், ஒரு விடுமுறை நாளில் பேருந்தேறிப் புதுச்சேரிக்குச் செல்கிறான் என்க. அங்குள்ள அருங்காட்சியகங்களையும் நினைவில்லங்களையும் வழிகாட்டி ஒருவரோடு ஒவ்வொன்றாக நடந்து காண்பது அவன் நோக்கம். அந்த வழிகாட்டி எந்த ஆண்டில் தொடங்கிச் சொல்லப் போகிறார்? எந்த மொழியில் சொல்லப் போகிறார்? அந்நடையின் பயன் முழுவதும் இவ்விரண்டு வினாக்களில் அடங்கியிருக்கிறது.

பிரெஞ்சியரான பிரான்சுவா மார்த்தேன் 1674-இல் இங்கு நிலைகொண்டதிலிருந்து சொல்லத் தொடங்கினால், தமிழன் பிரெஞ்சியரின் வரலாற்றில் பல்லக்குத் தூக்கியாக மட்டுமே வருவான். பானையோட்டிலிருந்து சொல்லத் தொடங்கினால், 1674 முதல் 1954 வரையிலான 280 ஆண்டுகள், ஈராயிரம் ஆண்டு நெடுங்கதையில் ஓர் இயலாக அடங்கிவிடும். காட்சிப் பொருள்கள் அவையே. தொடங்கும் இடம் மாறினால் உரியவன் மாறுகிறான்.

முதலில் பாரதி பூங்காவை அடுத்த புதுச்சேரி அருங்காட்சியகம். ஒருபால் பிரெஞ்சியர் காலத்து அறைகலன்களும் ஊர்திகளும். ஆளுநர் தூய்ப்ளே உறங்கியதாகச் சொல்லப்பட்டு வந்த கட்டிலும் அவற்றுள் ஒன்று. மற்றொருபால் அரிக்கமேட்டுப் பானையோடுகளும் மணிகளும். கட்டில் முன் கூட்டம் நிற்கும். ஓட்டின் முன் நிற்பார் அரியர். ஆயினும் அந்த ஓடு சொல்லும் செய்தியைக் கட்டில் சொல்லாது.

அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அம்மேட்டின் சிறப்பை 1937-இல் சூவோ துப்ரேல் என்னும் பிரெஞ்சிய ஆசிரியர் உணர்த்தினார். 1945-இல் மார்த்திமர் வீலர் அதனை முறைப்படி அகழ்ந்தார். இத்தாலி நாட்டின் அரெத்தியச் செந்நிறக் கலங்களின் உடைசல்கள் அங்குக் கிடைத்தன. அக்கலங்கள் எக்காலத்தில் செய்யப்பட்டவை என்பது இத்தாலியில் முன்னரே உறுதி செய்யப்பட்டிருந்தது. அவை கிடந்த அதே மண்ணடுக்கில் தமிழ்க் குயவன் வனைந்த கலங்களும் கிடந்தன. ஒரே அடுக்கில் கிடப்பன ஒரே காலத்தன ஆதலின், தென்னாட்டு மட்கலங்களுக்குக் கணக்கிட்ட காலம் கிடைத்தது. தமிழெழுத்துப் பொறித்த ஓடுகளும் அம்மண்ணிலிருந்து வெளிப்பட்டன. பின்னர் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி நடத்திய அகழ்வு, உரோமர் வருகைக்கு முன்பே அவ்வூர் வாழ்ந்திருந்ததைக் காட்டியது. உரோமன் வந்து உண்டாக்கிய ஊரன்று அது; முன்னரே வாழ்ந்த ஊரைத் தேடி உரோமப் பொருள் வந்தது.

ஆனால் அரிக்கமேட்டின் பொருள்கள் முழுவதும் அரிக்கமேட்டின் அருகில் இல்லை. தொடக்கக் காலத்தில் எடுத்தவற்றுள் ஒரு பகுதி, அன்று பிரெஞ்சியர் ஆண்ட வியத்துநாமின் அனோய் நகருக்குச் சென்றது. வேறு சில பாரிசு சென்றன. ஒரே குழியில் கிடந்த ஓடுகள் ஒன்றையொன்று காணமாட்டாதவாறு கடல்கள் இடைநின்றன.

அங்கிருந்து மாணவன் மேற்கே நடக்கிறான். நகரை இரண்டாகப் பிளந்த வாய்க்காலைக் கடக்கிறான். கிழக்கே வெள்ளையர் நகர்; மேற்கே தமிழர் வாழ்ந்த பகுதிக்குக் கறுப்பர் நகர் என்று பெயர். அப்பகுதியில் நிற்கிறது ஆனந்தரங்கர் மாளிகை. கீழ்த்தளத்தில் தமிழ்நாட்டு மரத்தூண்கள். மேல்தளத்தில் பிரெஞ்சியப் பாங்கான வெண்தூண்கள். மேலே அயலான், கீழே தாங்குபவன் தமிழன் என்னும் அந்நாளைய நிலையை அவ்வீடே சொல்லிவிடுகிறது.

தூய்ப்ளேயின் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கர், 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அதன் நடை பிறமொழிக் கலப்புற்றது என்பது உண்மை. ஆயினும் போர், விலைவாசி, கப்பல் வரவு, ஆளுநரின் சூழ்ச்சி அனைத்தையும் தமிழனொருவன் தன் மொழியில் எழுதி வைத்தான் என்பது அதனினும் பெரிய உண்மை. 1761 சனவரியில் அவர் மறைந்த சில நாள்களிலேயே நகரம் ஆங்கிலவரிடம் வீழ்ந்தது. அந்நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாகச் சென்னையில் வெளிவந்தது. தமிழ் மூலம் நூலுருப் பெறத் தொடங்கியதோ 1948-இல்! எழுதியவன் தமிழன், முதலில் படித்தவன் அயலான். தன் வீட்டுக் கணக்கை அயலான் வாயால் கேட்டறிந்த கதை இது.

அடுத்து ஈசுவரன் தருமராசா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த இல்லம். பெருமாள் கோயில் தெருவில் 95-ஆம் எண்ணில் பாவேந்தர் இல்லம். ஆங்கில ஆட்சிக்குத் தப்பி வந்த பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். அவர்பால் ஈடுபட்டுப் பாரதிதாசன் எனப் பெயர் பூண்ட கனக சுப்புரத்தினம், 1909-இல் தமிழாசிரியராகப் பணியேற்று 1946 வரை பிரெஞ்சிய ஆட்சியின் பள்ளிகளில் தமிழ் கற்பித்தார். பிரெஞ்சு மொழி அலுவல்களை ஆண்ட நாளில், கரும்பலகையில் தமிழைக் காத்து நின்ற ஆசிரியர் அவர்.

நகரில் நடை முடிந்தது. ஆனால் வரலாறு முடிந்துவிட்டதா? மாணவன் ஊர் திரும்பும்போதுதான் பாடத்தின் மறுபாதி தொடங்குகிறது. கரியமாணிக்கத்தை அடுத்த நெட்டப்பாக்கத்தில் 1954 மார்ச்சு இறுதியில் பிரெஞ்சியக் கொடி இறங்கியது. அவ்வாண்டு அத்தோபர் 18-இல், வில்லியனூரை அடுத்த கீழூரில் 178 சார்பாளர் கூடி வாக்களித்தனர். இணைப்புக்கு 170 பேர், எதிராக 8 பேர். நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. பிரெஞ்சியர் வந்தது கடற்கரை வழி. அவர்தம் ஆட்சி ஆட்டங்கண்டதோ நெல்வயல் ஊர்களில்! இதனைக் கடற்கரைச் சாலையில் நின்று எவரும் கற்க முடியாது.

இன்னும் பின்னே செல்க. 9-ஆம் நூற்றாண்டில் நிருபதுங்க பல்லவன் காலத்தில், வாகூரில் இருந்த கல்லூரிக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதை வாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. அரசனின் குலப்புகழ் அவற்றில் வடமொழியில் உள்ளது. ஊரும் நிலமும் பற்றிய பகுதி தமிழில் உள்ளது. ஏன்? புகழை எம்மொழியிலும் பாடலாம். வரப்பையும் வாய்க்காலையும் உழுகின்றவன் மொழியிலன்றிச் சொல்ல இயலாது. ஊர்களின் விளைவு வடமொழிக் கல்விக்குச் சென்றது. விளைவித்தவன் மொழியோ எல்லை காட்டி நின்றது. அச்செப்பேடுகள் இன்று வாகூரில் இல்லை. பாரிசு நாட்டு நூலகத்தைச் சேர்ந்தன. வாகூர்ச் சிறுவன் தன் ஊர்ப் பெயர் பொறித்த செம்பைக் காணப் பாரிசு செல்ல வேண்டுமா?

கீழடியில் அகழ்ந்த பொருள்களுக்கு அவ்வூரிலேயே 2023-இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தோண்டிய மண்ணில் பிறந்த குழந்தை, தன் முன்னோன் கைப்பட்ட பொருளை நடந்து சென்று காண்கிறது. இங்கும் அது ஆகாத செயலன்று.

ஆகவே, வேண்டுவன சில. அருங்காட்சியகங்களில் ஒவ்வொரு பொருளின் கீழும் பிழையற்ற நல்ல தமிழில் விளக்கம் முதலில் நிற்க வேண்டும். மாணவரை அழைத்துச் செல்லும் வழிகாட்டி, தமிழில், பானையோட்டிலிருந்து தொடங்க வேண்டும். வாகூர்ச் செப்பேடுகளின் படிமங்களேனும் வாகூருக்கு வர வேண்டும். இவை அரசு செய்ய வேண்டியன.

ஊரார் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. அதற்கு எவர் இசைவும் வேண்டா. கோயிற் சுவரில் சுண்ணாம்பு பூசுமுன் எழுத்து உளதா என்று பார்த்தல். ஏரியில் தாழி வெளிப்பட்டால் உடைக்காது தொல்பொருள் துறைக்கு அறிவித்தல். 1954-ஐக் கண்ட முதியோர் எஞ்சியிருக்கும்போதே அவர் சொல்வதைக் குறித்து வைத்தல். வயலுக்குச் செல்லும் வழியே இவையெல்லாம் உள்ளன.

முன்னோர் எல்லையை வலம் வந்து கல் நட்டனர். அக்கற்கள் பல பெயர்ந்துவிட்டன. மறுபடி வலம் வருவோர்க்கே அவை நின்ற இடம் தெரியும்.